அக்காவின் கையில் திறப்பு

ஆஸ்திரேலியாவில் தீயணைப்பு வேலைக்குச் சேர என்னென்ன வேண்டும் என்று என்னிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். தொடங்கினால் நிறுத்த மாட்டேன். சிட்னியின் கிரவீனில் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் பலர் இந்தக் கதையைக் கேட்டு ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள். நிரந்தரமாக இருக்க விசா வேண்டும். கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும், அது போதாமல் பிறகு லொறி லைசென்ஸும் வேண்டும். கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும், நிறம் பிரித்துச் சொல்ல வேண்டும். கணினிக்கு முன்னால் இருந்து முக்கோணங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட வேண்டும், குழாய் இழுக்க வேண்டும், ஏணி ஏற வேண்டும். கூடவே, ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிற முதலுதவிச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். நெருப்பைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான் விழுந்தது அந்த ஒருநாள் சான்றிதழில். ஏணியிலிருந்து விழுந்திருந்தால் வெளியே சொல்லவாவது மரியாதையாக இருந்திருக்கும்.

ஆசை வந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். அப்போது ஹோம்புஷில் ஒரு அடுக்குமாடியில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். ஊரில் சண்டை உச்சத்தில் இருந்து, அங்கிருந்து போன் வராத மாதங்கள் அவை. அம்மாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. ஒரு காலையில் தூளுக்கென்று செத்தல் மிளகாயை அள்ளித் தாச்சியில் போட்டு வறுக்கத் தொடங்கினார். கீழ் வீட்டுக்காரர் முறையிடுவார் என்று யன்னல்களையும் பூட்டிவைத்தார். புகை கூரையில் இருந்த கருவிக்குப் போனது. கருவி கட்டடம் முழுவதையும் எழுப்பியது. அந்தக் கட்டடத்தில் மணி அடித்தால் யாரும் போன் பண்ணத் தேவையில்லை, தீயணைப்பு வண்டி தானாக வந்துவிடும்.

வந்தார்கள். தலைக்கவசம், முதுகில் சிலிண்டர், ஒருவன் கையில் கோடாரி. முதலில் நுழைந்தவன் நெருப்பு இல்லை என்று கண்டதும் முகமூடியைக் கழற்றினான். அதுதான் அவன் செய்த பிழை. எத்தனையோ எரிகிற வீடுகளுக்குள் போய்வந்த மனிதன் எங்கள் குசினி வாசலில் நின்று கண்ணீர் வடிய இருமினான். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, இது உறைப்புக் குறைந்த மிளகாய், மற்றது அலுமாரியில் இருக்கிறது என்றேன். அவன் இருமலுக்கு நடுவில் சிரித்தான்.

கீழ் வீட்டுக்காரருக்குத்தான் சிரிப்பில்லை. ஏற்கெனவே இழுப்பு உள்ளவர், படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்தார். வந்தவர்களில் ஒரு பெண் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஒட்சிசன் பிடித்தாள். அம்புலன்ஸ் வரும்வரை அவள் எழும்பவில்லை. அவருடைய கால்பந்து அணி எப்படித் தோற்றது என்று அவரையே கேட்டுக்கொண்டிருந்தாள். நெருப்பில்லாத நேரத்தில் இதுதான் எங்களுக்கு வேலை என்று பிறகு என்னிடம் சொன்னாள். நான் அந்தப் படிக்கட்டிலேயே முடிவெடுத்துவிட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் கைகுலுக்கிப் பிரிந்திருந்தோம். ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"மிளகாய் வறுக்கிற வீடுகளுக்குப் போற வேலை எண்டு சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அம்மா எல்லோரிடமும், தம்பி மெடிக்கல் பக்கம் ஏதோ செய்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். அது முழுப் பொய்யும் இல்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு விஷயம் வாசலைத் தாண்டாது. அக்காவுக்கு வலிப்பு. பள்ளிக்கூட வயதில் ஊரில் தொடங்கியது. இங்கே நல்ல டொக்டர், நல்ல குளிசை. ஆனாலும் நித்திரை குறைந்தால் வரும், குளிசை தவறினால் வரும். அதனால் அவள் கார் ஓட்டக் கூடாது. சிட்னியில் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு லைசென்ஸ் இல்லை என்றால் ஆட்கள் காரணம் தேடுவார்கள். பிள்ளைக்கு ரோட்டைக் கண்டால் பயம் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். அக்காவுக்கு ஒரு பயமும் கிடையாது. அவள் ரோட்டைக் கடக்கிற வேகத்தைக் கண்டு கார்க்காரர்கள்தான் பயப்படுவார்கள். வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நான்தான் அவளுக்கு டிரைவர்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு வைப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதற்கென்றே வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு திறப்புக் கோர்வை, அதாவது சாவிக்கொத்து, தொங்கியது. இந்த நாட்டுத் திறப்பெல்லாம் பித்தளை, அதில் பலனில்லை என்பது அம்மாவின் கட்சி. ஆகவே ஊரிலிருந்து வந்த இரும்புத் திறப்புகள். எந்தப் பூட்டுக்கு என்று ஒருவருக்கும் நினைவில்லை. அக்கா விழுந்தால் அம்மா சத்தம் போடுவார், நான் ஓடுவேன். அவளுடைய விரல்களைப் பிரித்துத் திறப்பை வைத்து, கையை மூடி இறுக்கிப் பிடிப்பேன். சின்ன வயதிலிருந்து அது என் வேலை. சோற்றைக் கண்டால் கை வாய்க்குப் போகிற மாதிரி, யாராவது துடித்தால் என் கை திறப்புக்குப் போகும்.

சரி, வேலைக் கதைக்கு வருகிறேன். முதல்முறை விண்ணப்பித்தபோது குணம் பார்க்கும் பரீட்சையிலேயே கழித்துவிட்டார்கள். கணினியில் நூற்றுக்கணக்கில் கேள்வி. அதில் ஒன்று, நீ மற்றவர்களைப் பகிடி பண்ணுவாயா? எப்போதும், சிலவேளை, ஒருபோதும் இல்லை. உண்மை பேசச் சொல்லி மேலே எழுதியிருந்தது. நானும் உண்மையாக, எப்போதும் என்று போட்டேன். கொஞ்சத்தில் அதே கேள்வி வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது. உன் நண்பர்கள் உன்னைப் பகிடிக்காரன் என்பார்களா? என் நண்பர்கள் அதைவிட மோசமாகச் சொல்வார்கள், ஆனால் அதற்கு இடம் விடவில்லை. இம்முறை தெரிவாகவில்லை, காரணம் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. காரணம் சொல்லாமல் கழிக்கிறவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சுவரோடு பிடிப்பது போலத்தான்.

அடுத்த வருடம் மீண்டும் ஆட்சேர்ப்பைத் திறந்தார்கள். சிலவேளை என்று போட்டேன். உள்ளே எடுத்தார்கள்.

அந்த மாதங்களில் நான் பட்ட பாடு. இதற்குள் கிரவீனுக்கு வீடு மாறியிருந்தோம். அங்கே பூங்காவைச் சுற்றி ஓடினேன். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறினேன். நடக்கப் போகும் அன்ரிமார் நின்று விலாசம் கேட்டார்கள், அரிசி எங்கே மலிவு என்று. உடல்வலுப் பரீட்சை அன்று காலை, வெறும் வயிற்றோடு நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்துக்கொண்டு வாசலை மறித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். குழாய் இழுத்தேன், ஏணி ஏறினேன், மனிதப் பொம்மையை அக்குளில் பிடித்துப் பின்புறமாக இழுத்துப்போனேன். கண்ணை மறைத்த முகமூடியோடு இருட்டுச் சுரங்கத்துக்குள் தவழச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரிய தோள்காரன் அதற்குள் போக மறுத்து அழுதான். ஊரில் பங்கருக்குள் அக்காவோடு இடத்துக்குச் சண்டை பிடித்து வளர்ந்தவன் நான். போய்விட்டு மற்றப் பக்கத்தால் வந்தேன். கடைசியாக, மணி அடிக்க அடிக்க வேகம் கூட்டி ஓடும் ஓட்டம். ஓடி முடித்த பிறகுதான் புட்டு வெளியே வந்தது. முடிக்க முன்னம் வந்திருந்தால் தோல்வி. அம்மாவின் புட்டுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

மிச்சம் முதலுதவிச் சான்றிதழ் மட்டும். திங்கட்கிழமைக்குள் எல்லாப் பத்திரங்களும் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்குப் பதிந்திருந்தேன். கடினமானதை எல்லாம் முதலில் முடித்து, இலேசானதைக் கடைசிக்கு வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். காலையில் போனால் பின்னேரம் பேப்பர் கையில் தருவார்கள், தூங்கினாலும் தருவார்கள் என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள்.

வகுப்பு பரமட்டாவில், ஒரு பல்வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில். சொல்லிக்கொடுத்தவள் அம்புலன்ஸில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். வெட்டிய நரைமுடி, பெரிய மணிக்கூடு, குறைந்த பேச்சு. பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சை நான் நன்றாக அமுக்கினேன். எங்கள் சூப்பர்வைசரைவிட இந்தப் பொம்மைக்கு உயிர் அதிகம் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் எங்கள் ஊர் அங்கிள் ஒருவர் இருந்தார். செக்யூரிட்டி வேலைக்காக வந்திருந்தார். அவருக்கு அது பகுதி நேர வேலை. முழு நேரமும் பார்ப்பது கலியாணம் பேசும் வேலை. பெண்டில் ஹில் முதல் கெல்லிவில் வரை எந்த வீட்டில் எந்த வயதில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வார். அந்தக் கிழமைதான் அம்மா அவரிடம் அக்காவின் சாதகத்தைக் கொடுத்திருந்தார்.

மதியத்துக்குப் பிறகு வலிப்புப் பாடம். உதவிக்கு வந்த பையன் ஒருவன் கார்ப்பெட்டில் விழுந்து துடிப்பதுபோல நடிப்பான், நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் செய்து காட்ட வேண்டும். என் முறை வந்தது. அவன் துடித்தான். நல்லாகவே நடித்தான். எனக்குத் தெரியுமுன்னே நான் முழங்காலில் இருந்தேன். கார்த் திறப்பு பொக்கற்றிலிருந்து வந்து, அவன் விரல்கள் பிரிந்து, திறப்பு உள்ளே போய், கை மூடியாயிற்று. அவன் நடிப்பதை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தான்.

என்ன அது என்று அவள் கேட்டாள். எழும்பினதும் வீட்டுக்குப் போக வேண்டுமே, அதற்குத்தான் என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் கிட்ட வந்து, கோபமில்லாமல், இதை எங்கே பழகினாய் என்று கேட்டாள். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். வீட்டில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். நான் பின்வரிசையைப் பார்த்தேன். அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். நான் தோளைக் குலுக்கினேன். வேறு யாருக்காவது இந்தப் பழக்கம் தெரியுமா என்று அவள் வகுப்பைக் கேட்டாள். அங்கிள்தான் முதலில் தலையாட்டினார், இல்லவே இல்லை என்று.

தேத்தண்ணி இடைவேளையில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உது எங்க பழகினனீர்?"

"படத்தில பாத்தனான் அங்கிள்."

"எந்தப் படம்?"

"கனக்கப் படம் அங்கிள்."

அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து யோசித்துக்கொண்டே சாப்பிட்டார்.

எல்லோரும் போகும் நேரம் அவள் எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தந்தாள். கையில் ஒன்றும் வைக்கக் கூடாது, ஆளை அமத்தக் கூடாது, வாயில் ஒன்றும் போடக் கூடாது. சுற்றியிருப்பதை விலக்கு, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வை, நேரத்தைப் பார், நின்றதும் பக்கவாட்டில் திருப்பு. அவ்வளவுதான். திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். கதிரையை விலக்கினேன். ஜக்கெற்றைத் தலைக்குக் கீழே வைத்தேன். எல்லாம் சரி. பிறகு அந்தப் பையனின் கை நிலத்தில் அடிபட்டது. என் இரண்டு கையும் போய் அந்தக் கையை மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டன. திறப்பில்லை, ஆனால் பிடி அதே பிடி. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாருடையதோ போல.

அவள் பேனாவை மூடினாள். உண்மையான ஆளாக இருந்தால் விரல் முறிந்திருக்கும், நான் கையெழுத்து வைக்க முடியாது, அடுத்த மாதம் வா என்றாள். எனக்கு அடுத்த மாதம் இல்லை, திங்கட்கிழமைதான் இருக்கிறது என்றேன். அதற்கு முதல் வேறு இடத்தில் வகுப்பு இருந்தால் போ என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போன் பண்ணினேன். ஒன்று நிரம்பிவிட்டது, ஒன்று பூட்டியிருந்தது, ஒன்று மெல்பேர்னில் இருந்தது.

திங்கட்கிழமை ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் ஒரு பெண் மிகவும் இனிமையாகப் பேசினாள். பத்திரம் முழுமையில்லை, விண்ணப்பம் முடிந்துவிட்டது, மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து வரலாம். எப்போது திறக்கும்? அதை யாராலும் சொல்ல முடியாதாம். முக்கோணம், ஓட்டம், சுரங்கம், புட்டு, எல்லாம் முதலிலிருந்து. அவளாவது கொஞ்சம் எரிந்து விழுந்திருந்தால் நானும் விழுந்திருப்பேன்.

அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லி, உங்கட திறப்பாலதான் எல்லாம் போச்சு என்றேன்.

"திறப்பு வைச்சபடியால்தானே அவள் ஒவ்வொரு முறையும் எழும்பினவள்."

"வைக்காட்டிலும் எழும்புவா அம்மா. அது தானா நிக்கிற வருத்தம்."

"வைக்காமல் எழும்பினதை நீ எப்ப பாத்தனி?"

நான் பார்த்ததில்லை. ஒருநாளும் வைக்காமல் விட்டதில்லையே. இந்த இடத்தில் எந்த வழக்கறிஞரும் அம்மாவிடம் தோற்றுத்தான் போவார். போதாததற்கு, நீ வைத்தது பித்தளையாக இருந்திருக்கும், அதுதான் சரிவரவில்லை என்றும் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அக்கா நடையில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது.

மறுநாள் வேலைக்குக் கூட்டிப்போகும்போது சிவப்பு விளக்கில் நின்றோம்.

"என்னாலயோடா?"

"அம்மாவின்ர இரும்பால" என்றேன். அவள் சிரிக்கவில்லை. விளக்கு மாறியதையும் நான் கவனிக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

அடுத்த மாதம் போய்ச் சான்றிதழ் எடுத்தேன். தலையணையை நிலத்தில் போட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பழகியிருந்தேன். அந்த நரைமுடிக்காரி கையெழுத்து வைத்தாள். ஒன்றுக்கும் உதவாத நல்ல சான்றிதழ். பெட்டி அடுக்கும் வேலைக்குத் திரும்பினேன். எங்கே நெருப்பு வண்டியின் சத்தம் கேட்டாலும் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள், நான் ரேடியோவைக் கூட்டுவேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். அங்கிள் அக்காவுக்கு ஒரு இடம் கொண்டுவந்தார். சாதகம் அப்படிப் பொருந்தியிருக்கிறதாம், சாத்திரியாரே ஆச்சரியப்பட்டாராம். ஞாயிறு பின்னேரம் பையனும் தாயும் தகப்பனும் அங்கிளும் கிரவீனுக்கு வந்தார்கள். அம்மா முதல்நாளே வீட்டைத் தலைகீழாக்கினார். வாசலில் தொங்கிய திறப்புக் கோர்வையையும் கழற்றி அறைக்குள் ஒளித்தார், யாராவது என்னவென்று கேட்டால் என்ன சொல்வது என்று. அக்கா பலகாரம் செய்ததில் நித்திரை கொள்ளவில்லை. காலைக் குளிசையையும் அம்மா போட விடவில்லை. போட்டால் முகம் சோர்ந்து போகும், அவர்கள் போன பிறகு போடலாம் என்று சொல்லியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பையன் ஏதோ வேலையைப் பற்றிக் கேட்க, அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வசனத்தில் நின்றுவிட்டாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கதிரை சரிந்தது, அவள் நிலத்தில் விழுந்து துடித்தாள்.

அம்மா கத்திக்கொண்டு வாசல் ஆணிக்கு ஓடினார். ஆணி வெறுமையாக இருந்தது. அங்கேயிருந்து அறைக்கு ஓடினார். அதற்குள் வந்தவர்கள் எல்லோர் கையும் பொக்கற்றுக்கும் கைப்பைக்கும் போய்விட்டது. தகப்பன் கார்த் திறப்பை நீட்டினார். தாய் கைப்பையைக் கவிழ்த்து வீட்டுத் திறப்பைத் தேடி எடுத்தார். பரமட்டாவில் இல்லவே இல்லை என்று தலையாட்டிய அங்கிள்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றார், செக்யூரிட்டி வேலையின் பெரிய கோர்வையோடு.

"தம்பி, திறப்பை வையும், கெதியா வையும்."

என் கையும் பாதித் தூரம் போய்விட்டது. பொக்கற்றின் வாயில் நின்றது.

"ஒருத்தரும் அவவின்ர கையைத் தொடாதேங்கோ."

அதை நான்தான் சொன்னேன். சத்தமாகவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நின்றார்கள். மேசையை இழுத்தேன், பையன் மற்றப் பக்கத்தைப் பிடித்து என்னோடு தூக்கினான். குசனைத் தலைக்குக் கீழே வைத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். அவளுடைய கை வெறுங்கையாக நிலத்தில் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைப்போல ஒரு வேலையை எந்த உடல்வலுப் பரீட்சையிலும் எனக்குத் தந்ததில்லை.

அம்மா இரும்புத் திறப்போடு வந்து விழுந்து, அக்காவின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அம்மா, அதை நீங்கள் பிடியுங்கோ. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அம்மா இரண்டு கையாலும் திறப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். துடிப்பு நின்றது. நான் அக்காவைப் பக்கவாட்டில் திருப்பினேன். கொஞ்ச நேரம் குறட்டை மாதிரி மூச்சு விட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"அவையள் போட்டினமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர்கள் போகவில்லை. நாங்கள் இருந்த இடத்தைச் சுற்றி ஆளுக்கொரு திறப்போடு நின்றார்கள், திறக்காத கடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

இரண்டு நாள் கழித்து அங்கிள் போன் பண்ணினார். சாதகத்தை வேறு சாத்திரியாரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். நல்ல குடும்பம், ஒன்றும் சொல்லவில்லை, சாதகம் மட்டும்தானாம். போனை வைக்க முன்னம், உங்கட தம்பி அண்டைக்குப் படம் எண்டெல்லோ சொன்னவர் என்றும் சொல்லிவைத்தார். அம்மா என்னோடு இரண்டு கிழமை பேசவில்லை. பேசியபோது, திறப்பு வைச்சிருந்தால் கெதியா நிண்டிருக்கும், அவையளும் அவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டினம் என்றார். அவள் திறப்பில்லாமல் எழும்பினதைக் கண்ணால் கண்டீர்கள்தானே என்றேன். திறப்பு என்ர கையில இருந்ததெல்லோ என்றார். இதற்கு மேல் மனிதன் என்ன செய்ய முடியும்?

அக்கா மட்டும் இலேசாகிவிட்டாள். குளிசையை அலுமாரிக்குள் ஒளிக்காமல் சாப்பாட்டு மேசையில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். யார் வந்தாலும் எடுக்கவில்லை.

மீண்டும் ஆட்சேர்ப்பைத் திறந்தார்கள். மீண்டும் சிலவேளை. மீண்டும் முக்கோணம், ஓட்டம், புட்டு. இந்தமுறை நேர்முகம்வரை போனேன். பதற்றமான நேரத்தில் நீ எப்படி நடந்துகொண்டாய் என்று ஒரு சம்பவம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். வெயர்ஹவுஸில் பெட்டி சரிந்த கதை ஒன்றைத் தயார் செய்து காரில் அக்காவுக்குச் சொல்லிக் காட்டினேன். முடிக்க முன்னம் நிறுத்தினாள்.

"பெட்டியை விடு. என்னைச் சொல்லு."

சொன்னேன். நேர்முகத்தில் முன்னால் இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பதில் வந்தது. தகுதியுள்ளவர், காத்திருப்போர் வரிசையில் சேர்க்கப்பட்டுள்ளீர், இடம் வரும்போது அழைப்போம். வந்த அன்று அம்மாவே பாயாசம் வைத்தார். பிறகு மாதம் மாதமாகப் போனது. போன் அடித்தால் குசினியிலிருந்து மூன்று பேரும் ஓடுவோம். சோலார் பனல் வேண்டுமா என்று யாரோ கேட்பான். இதை எழுதும்வரை அழைப்பு வரவில்லை. வந்தது ஒரு மின்னஞ்சல்தான். உங்கள் முதலுதவிச் சான்றிதழின் காலம் முடியப்போகிறது, புதுப்பிக்காவிட்டால் வரிசையிலிருந்து நீக்கப்படுவீர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சான்றிதழை மிளகாயோடு சேர்த்து வறுத்திருப்பேன்.

அக்கா, நானும் வருகிறேன் என்றாள். அதே பரமட்டா, அதே மேல்மாடி, அதே நரைமுடி. என்னைக் கண்டதும் அவளுடைய கண் என் பொக்கற்றுக்குப் போனது. மதியத்துக்குப் பிறகு, நடிக்க வேண்டிய பையனுக்கு அன்று சுகமில்லை, யாராவது விழுந்து காட்டுவீர்களா என்று கேட்டாள். வகுப்பு குனிந்துகொண்டது. அக்கா கையைத் தூக்கினாள். எனக்கு இந்த வருத்தம் உண்மையாகவே இருக்கிறது, என்னைவிட நன்றாக யார் செய்வார்கள் என்று இங்கிலீசில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக் கார்ப்பெட்டில் படுத்தாள்.

என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கதிரையை விலக்கினேன், ஜக்கெற்றை வைத்தேன். அக்கா துடித்தாள், தேவைக்கு அதிகமாகவே. அப்போது அவளுடைய வலது கை துடிப்பை விட்டுவிட்டு மெல்ல என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றது. ஒரு கண் கொஞ்சம் திறந்திருந்தது.

"டேய், திறப்பு எங்க?" என்றாள், உதடு அசையாமல்.

எனக்கு வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலைக்கு மேலே நரைமுடிக்காரி பேனாவைத் திறந்தபடி நின்றாள். நான் இரண்டு கையையும் என் தொடைக்குக் கீழே போட்டு அதன்மேல் இருந்துகொண்டு, பல்லைக் கடித்துச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். அக்கா விரல்களை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.